கரண்ட் போன நேரம்

கட்டபெட்டுக்குக் கீழே
எங்கள் டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஐந்து பேர்.
காத்தமுத்துவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று
அவன் பெண்டாட்டிக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும்.
எஸ்தரின் கம்மல் எந்த அடகுக்கடையில்,
வட்டி எதுவரை ஏறியிருக்கிறது, அதுவும்.
ஜார்கண்டிலிருந்து வந்த சுக்ராவுக்கு
நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் தமிழ்
‘இன்னும் கொஞ்சம்’.
சோற்றுக்கு.

போஜன் அண்ணன்தான் மேஸ்திரி.
என் மகளுக்கு வலிப்பு வந்த இரவு
மூடுபனியில் ரோடே தெரியாதபோது
ஜீப்புக்கு முன்னால் டார்ச்சோடு
வளைவுக்கு வளைவு நடந்தவர்.

ஐப்பசி மழையில் இலை மூட்டை மூட்டையாக வந்தது.
மூன்றாம் ரோலர் அடைத்துக்கொண்டே இருந்தது.
ஒவ்வொரு அடைப்புக்கும்
வலை மூடியைக் கழற்றி மாட்ட யாருக்கு நேரம்?
அண்ணன் கழற்றினார்.
மாட்டவில்லை.

பார்த்தோம்.
மற்றவர் பார்ப்பதையும் பார்த்தோம்.
கோயம்புத்தூரிலிருந்து வந்த மேனேஜர் செய்திருந்தால்
அன்றைக்கே சங்கத்துக்கு ஓடியிருப்போம்.
இவரிடம் சொல்ல வாயெடுத்தால்
பனிக்குள் ஆடி ஆடிப் போகிறது
அந்த டார்ச் வெளிச்சம்.
சோதனைக்கு வந்த ஆபீசர் கேட்டபோது
நான்கு பேரும் ஒரே குரலில்
‘எல்லாம் சரியா இருக்கு சார்’.
அவ்வளவு ஒற்றுமை.

ஏழாம் இரவு
காத்தமுத்துவின் ஸ்வெட்டர் கையை ரோலர் இழுத்தது.
கம்பளி கிழிந்து இலைத்தூளோடு தூளாக மறுபக்கம் விழ,
அவன் கையை வெளியே எடுத்து
விளக்குக்கு நேரே விரித்து எண்ணி
‘அஞ்சும் ஆஜர்’ என்றான்.
சிரித்தோம்.
எங்கள் முகங்களைப் பார்த்து
சுக்ராவும் சிரித்தான்.
விடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால்
தூக்கத்துக்கு வெளியே நின்று
அந்தச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் இரவு சொன்னேன்.
தைரியம் என்று நினைக்க வேண்டாம்.
முதலில் அவரைக் குழம்பில் உப்பு கூடவா என்றுதான் கேட்டேன்.
மெஷின் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை.
‘என்ன?’ என்று கையாட்டினார்.
அதைச் சாக்காக வைத்து, தொண்டை கிழிய,
‘அண்ணே, மூடிய மாட்டுங்க, பயமா இருக்கு!’
அந்தப் ‘பயமா’வில் கரண்ட் போனது.

ரோலர் நின்றது, ட்ரையர் நின்றது,
கூரையில் மழைகூட அடங்கினாற்போல.
என் கத்தல் மட்டும்
இருட்டில் துணியில்லாமல் நின்றது.

யாரோ செருமினார்கள்.
‘எனக்கும்தான்’ என்றாள் எஸ்தர், மெதுவாக.
‘கை போகும்’ என்றது சுக்ராவின் குரல்.
அந்தச் சொல்லை அவனுக்கு
நாங்கள் சொல்லித் தரவில்லை.

டார்ச் எரிந்தது.
வெளிச்சம் எங்கள் முகத்துக்கு வரவில்லை,
தரையிலேயே கிடந்தது.
‘எத்தன நாளா?’
பதிலில்லை.
‘பத்து நாளாவா?
பத்து நாளும் எங்கூட உக்காந்து சாப்ட்டீங்க?’

அதற்குள் ஜெனரேட்டர் உறுமியது.
நல்ல வேளை என்றா, ஐயோ என்றா,
எனக்கு இன்றுவரை தெரியாது.
அவர் போய்
ட்ரையர் பின்னால், சாக்குகளுக்கு அருகே
வலை மூடியைக் கண்டுபிடித்தார்.
சுவரில் சாய்த்திருந்தது.
சூடு படும் இடம்.
அதன் மேல், ஒரு வாரமாக, ஒவ்வொரு இரவும்
மழையில் நனைந்த
என் காலுறைகளைத்தான் காயப்போட்டிருந்தேன்.

எடுத்து, மடித்து,
என்னிடம் நீட்டினார்.
நன்றாகக் காய்ந்திருந்தன.