முதல் அறையின் ஆணி

குத்தாயிசியில்
ரியோனி ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தால்
மின்சாரம் போகும்.
போனது வரும்.
வந்ததும் கண் மருத்துவமனையின் பழைய கணினி
கறுப்புத் திரையோடு விழித்து
முதலில் என்னைத்தான் கேட்கும்:
கடவுச்சொல்?

நான்கு முறை கேட்கும்.
ரூட்டுக்கு ஒன்று. கோப்புகளுக்கு ஒன்று.
ஊராரின் விழித்திரைப் படங்கள் உறங்கும்
பெரிய பிரிவுக்கு ஒன்று,
கணக்கு வழக்குக்கு இன்னொன்று.
தட்டுவது திரையில் தெரியாது, ஒரு நட்சத்திரப் புள்ளிகூட விழாது.
கண் மருத்துவமனையில் நான்
கண்ணில்லாதவள் மாதிரி தட்டுவேன்.
மூன்றாவது தவறினால் மூன்றாவதே மறுபடி.
வெளியே ரொட்டிக்கடை எலிசோ
சொட்டுமருந்தில் விரிந்த பாவையோடு
மங்கலான சுவரைப் பார்த்தபடி காத்திருப்பாள்.

பூட்டியவன் மல்காஸ்.
தனக்கு நாலு சொல், எனக்கு நாலு சொல்.
"நாலு பூட்டு இருந்தா
திருடன் நாலு தடவை யோசிப்பான்" என்பான்.
போலந்துக்கு லாரி ஓட்டப் போனபோது
அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

நேற்றிரவு உட்கார்ந்தேன்.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவந்திருந்தது.
அர்த்தமே இல்லாத நாலாயிரத்துச் சொச்சம் பைட்டுகளில்
ஒரு கோப்பு செய்தேன்,
எந்த வாயும் உச்சரிக்க முடியாத சாவி.
ரூட்டுக்குள் வைத்தேன், பிறர் படிக்காதபடி அடைத்தேன்,
மூன்று பூட்டுகளுக்கும் அதன் பல்லைப் பழக்கினேன்.
பட்டியலில் ஒரு இடைவெளி விட மறந்து
பாதியில் நின்றது.
பன்னிரண்டரைக்கு மறுபடி.

ஒரே சொல். என்டர்.
தலைவாசல் திறந்தது.
உள்ளே ஆணியில் தொங்கிய சாவியை
வீடே கையில் எடுத்துக்கொண்டு
மற்ற கதவுகளைத் திறந்தபடி போனது
என்னைக் கேட்காமலே.

சந்தோஷம்தான்.
விரல்கள்தான் இன்னும் மூன்று சொற்களுக்காக
விசைப்பலகைமேல் சும்மா நின்றன.

ஒரு பூட்டில் பல துளைகள் உண்டு,
ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு சொல்லால் திறக்கலாம்.
பார்த்தேன்:
பூஜ்யத்தில் அவன். ஒன்றில் நான்.

நீக்கினேன்.
படங்களிலிருந்து அவனை. கணக்கிலிருந்து. கோப்புகளிலிருந்து.
ஒவ்வொரு தடவையும்
மிச்சமிருக்கும் சாவியைக் காட்டு என்றது. காட்டினேன்.
கண்டிப்பானவள் என்று என்னையே மெச்சிக்கொண்டு
தேநீர் ஊற்றினேன்.

பாதிக் குவளையில்தான் உறைத்தது.
மூன்று அறைகளிலிருந்து துரத்தியவனுக்கு
முதல் அறையில் அவன் சொல் இன்னும் செல்லும்.
மற்ற மூன்றின் சாவியும் தொங்குவது
அங்கே,
நான் அடித்த ஆணியில்.

நேற்றுவரை அவன் உள்ளே வர நாலு சொல் வேண்டும்.
இன்று ஒன்று போதும்.
என் சோம்பலில்
அவனுக்கும் பங்கு வைத்துவிட்டேன்.

கட்டளையை எழுதினேன்.
என்டர் மட்டும் பாக்கி.
அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ,
விடிந்து
எலிசோ வந்து பெஞ்சில் உட்கார்ந்து
காற்று அடித்து
எல்லாம் அணைந்தது.

வந்ததும் ஒரே ஒரு முறை கேட்டது.
கவனித்தேன்:
யார் என்று அது கேட்பதில்லை,
சொல்லைத்தான் கேட்கிறது.

"முடிஞ்சுதா?" என்றாள் எலிசோ, கதவின் மங்கலைப் பார்த்து.

இல்லை, என்றேன்.
இன்னும் ஒன்று இருக்கிறது.