அடைப்பான்

மே பத்தொன்பது, சனிக்கிழமை.
ஐந்தரைக்கெல்லாம் படகுத்துறைச் சரிவில் வரிசை பிடிக்க வேண்டும்.
புரோபேன் ரசீதின் பின்பக்கம் இதுவரை இவ்வளவுதான்.
லோரின்டா பேனாவைப் பிடுங்கி
தண்ணீர் என்று எழுதுகிறாள்.
ஏரிக்குப் போறோம், தண்ணியா?
என்கிறான் அவள் தம்பி டெல்மர்.
ஆளுக்கு ஒரு காலன், நாய்க்கு அரை,
என்கிறாள் தலை நிமிராமல்.

பதினோரு வருஷமாக இந்தப் பாலையில்
வீடு வீடாக எரிவாயு இறக்குகிறேன்.
லாரி மேட்டில் ஏறும்போதெல்லாம்
வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு நீலம் வரும்,
யார் வீட்டுக் கொடியிலோ காயும் துணி மாதிரி.
வளைவு திரும்பினால் போய்விடும்.
ஊர் உலகமெல்லாம் லீவுக்கு வரும் இடத்தில்
எனக்கு எல்லா நாளும் வேலைநாள்.

படகு, டெல்மர் கூரை போட்டுக் கொடுத்த வீட்டின் கூலிபாக்கி.
பதினேழு அடி, அலுமினியம்,
இடது விலாவில் ஒரு நசுங்கல்.
பாறை செய்ததா, பெண்டாட்டி செய்ததா
கொடுத்தவன் சொல்லவில்லை.

வரைபடம் பழைய சாமான் கடையில் ஐம்பது சென்ட்.
அதில் ஏரி இன்னும் கொழுத்திருக்கிறது.
தினமும் காலையில் லோரின்டா
கைப்பேசியில் நீர்மட்டம் பார்த்துச் சொல்கிறாள்,
தன் சர்க்கரை அளவைச் சொல்லும் அதே குரலில்.
பிறகு பென்சிலை நக்கிக்கொண்டு
கரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரைகிறாள்,
இளைத்தவன் சட்டையைப் பிடித்துத் தைப்பது போல.
நாங்கள் கூடாரம் போட நினைத்த மணல்திட்டு
இப்போது தண்ணீரிலிருந்து அரை மைல்.
நாங்கள் நுழைய நினைத்த விரலிடுக்கு
இப்போது சேறு.

பாறை வளைவு இருக்கும் கிளையை
அவள் அக்கா ஃபோனிலேயே அடித்துவிட்டாள்.
அதுக்கு அடியில போறதில்ல நாம.
காரணம் நான் கேட்கவில்லை.
எனக்குச் சொல்லவேண்டிய காரணமாயிருந்தால்
சொல்லியிருப்பார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் காற்று.
கழிவைப் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்
(யார் மடியில் என்று இன்னும் முடிவாகவில்லை).
கயிறு. இன்னொரு கயிறு.
நீச்சல் தெரிந்தவர்கள்: நாய்.

மிராண்டா, ஒன்பது வயது,
வரைபடத்தின் நடு நீலத்தில் விரல் வைத்துக் கேட்டாள்:
இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?
காத்து, என்றேன்.
வாய் தவறித்தான் வந்தது.
வந்தபின் யோசித்தால் அதுதான் சரி.
அணைக்கு முன் பள்ளத்தாக்கு,
அதன் மேலே வெறும் காற்று,
அதில் ஏதாவது பருந்து சும்மா நின்றிருக்கும்.
அந்த உயரத்தில்தான்
சாண்ட்விச் தின்றுகொண்டு போகப்போகிறோம்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் ஒத்திகை.
முற்றத்தில், டிரெய்லர் மேல், காய்ந்த மணல் நடுவில்,
ஆரஞ்சு நிற அங்கி மாட்டிக்கொண்டு
நால்வரும் படகில் உட்கார்ந்தோம்.
எதிர்வீட்டு ஹோஸ்டீன்
குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்
ஒரு நிமிஷம் நின்று
கை அசைத்துவிட்டுப் போனார்.
டெல்மர் இல்லாத அலைக்குச் சாய்ந்தான்.
நாய் முதலில் ஏற மறுத்தது,
பிறகு இறங்க மறுத்தது.

படகின் பின்புறம் அடியில் ஒரு ஓட்டை,
கட்டைவிரல் பருமன்.
முதல் தடவை போகிறவர்கள்
அடைப்பானை மறந்துதான் மூழ்குவார்கள்
என்று பெட்ரோல் பங்க்கில் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.
அதை ஷூ லேஸில் கோத்து
மிராண்டா கழுத்தில் போட்டுவிட்டோம்.
பள்ளிக்கூடத்துக்கும் அதோடுதான் போகிறாள்.

நேற்று இரவு விளக்கணைத்த பிறகு
அவள் அறையிலிருந்து குரல்:
அப்பா, ஏரிக்கு அடைப்பான் யார்கிட்ட இருக்கு?

லோரின்டா கைப்பேசியை எடுத்தாள்.
வெளிச்சம் அவள் தாடையில் விழுந்தது.
இன்னும் ரெண்டு அங்குலம், என்றாள்
எனக்கு மட்டும் கேட்கும்படி.
நான் எழுந்துபோய்
ரசீதில் ஐந்தரையை அடித்துவிட்டு
ஐந்து என்று எழுதினேன்.