பதினேழாம் உருப்படி

சேவுகன் கொண்டுவந்த கேசட்டில்
உப்புப் பூத்தாற்போல் பூஞ்சை.
அத்தை கல்யாணம், எண்பத்தெட்டு, பள்ளத்தூர் வீடு.
"முகமெல்லாம் வேண்டாங்க,
பின்னாடி இருக்கிற சாமான்தான் வேணும்."
சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டியல்,
வக்கீல் குமாஸ்தா தட்டச்சு செய்தது.
இருபத்தொன்பது உருப்படி.
பெல்ஜியம் கண்ணாடி இரண்டு,
பித்தளை அண்டா, ஒரு காது உடைந்தது,
தேக்குப் பெட்டகம்...
பெரியப்பா மகன் விற்றுவிட்டார் என்று இவர் வழக்கு.
அப்படிச் சாமானே கிடையாது என்று அவர் பதில்.

செவ்வாய் முழுக்கக் கரண்ட் நிறுத்தம்.
புதன்கிழமை கடைக் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினேன்.
மூன்று மணி நேரக் கல்யாணம்
மூன்று மணி நேரமாகத்தான் கணினியில் இறங்கும்,
யார் அவசரப்பட்டாலும்.
நாதஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.
நிறம் கொஞ்சம் தள்ளி நின்றது:
உதடு ஓரிடம், வெற்றிலைச் சிவப்பு ஓரிடம்.

"நிறுத்துங்க. அந்தக் கண்ணாடி."
நிறுத்தினேன்.
குறுக்கே ஒரு மாமா.
ஒரு ஃபிரேம் முன்னால், ஒரு ஃபிரேம் பின்னால்.
மாமா நகரவில்லை.
யார் அது என்றேன்.
"அவுக போயி இருபது வருசமாச்சு. ஓட்டுங்க."
அண்டாவுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி.
பெட்டகத்தின் மேல் சாய்ந்து தூங்கும் சமையற்காரர்.
"சே, ஆளுகளே மறைக்கிறாக" என்றார்.

திருப்பூட்டும் நேரம்
கூட்டம் மொத்தமும் எழுந்து
மணவறைப் பக்கம் சாய
வளவுச் சுவர் காலியானது.
"இதான்! இதான்!"
நாற்காலி பின்னால் விழுந்தது.
ஒரே ஃபிரேமில் நான்கு உருப்படி.
அத்தை அந்த ஃபிரேமில் இல்லை.

பிறகு, பரப்பி வைத்த சாமான்கள்.
கேமராக்காரர் பொறுமைசாலி,
ஒவ்வொன்றாகக் கணக்கெடுப்பது போல நகர்ந்தார்.
பதினேழாவது: வெள்ளிச் சிமிழ், மயில் மூடி.
எனக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது.
அரைக்கால் சட்டையில் ஒரு பையன்
குந்தி உட்கார்ந்தான்,
சிமிழை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்,
நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.
சிரித்தான்.

பெரிதாக்கினேன்.
முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.
பழைய அளவுக்கே கொண்டுவந்தேன்.
இடது காது மட்டும் விடைத்திருந்தது, முறம் போல.
பக்கத்து நாற்காலியில்
அதே காது,
சிவந்து.

டேப் ஓடிக்கொண்டிருந்தது.
பந்தியில் யாரோ பாயசம் கேட்டார்கள்.

"அந்த ஏழு செகண்டு..."
"வெட்டலாம். ஆனா
வெட்டே இல்லாம ஒரே கோப்பா வேணும்னு
வக்கீல் கேட்டதா நீங்கதானே சொன்னீக."
"அந்த எடத்துல டேப்பு சுருங்கிப்போச்சுன்னு
எழுதித் தருவீகளா?"
முடியாது என்று சொல்லவில்லை.
எதிர்க்கடைக்கு இரண்டு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள், நான் எதுவும் கேட்காமலே,
"மயில் கழுத்தை அழுத்துனா திறக்கும்" என்றார்.
"உள்ள ஒண்ணும் இல்லை.
குங்குமம்கூட இல்லை."
கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
பாதிப் பணம் கொடுத்தார்.
டீ ஆறிப்போனது.
பட்டியலை மறந்தே போனார்,
அல்லது விட்டுப் போனார்.

கோப்பு இன்னும் கணினியில் கிடக்கிறது,
பெயர் வைக்காமல்.
அழிக்கட்டுமா என்று அது என்னைக் கேட்கவில்லை.
இடம் குறைந்தால் கேட்கும்.

மூடியைக் கழற்றி
ஸ்பிரிட் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைத்தேன்.
துணியில் பழுப்பு வந்தது,
கட்டைவிரல் ரேகையளவு.
கண்ணாடியிலிருந்து வந்ததா,
குறுக்கே நின்ற மாமாவிடமிருந்தா,
எப்படித் தெரியும்.
இன்னொரு முறை துடைத்தேன்.

நாளைக்குப் புதுவயலிலிருந்து ஒருவர் வருகிறார்.
காதுகுத்துக் கேசட்டாம்,
இரண்டு மணி நேரம்.