மூச்சு வாங்குதல்

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
வாங்கத்தான் செய்தாள் பெவர்லி ஹோய்ல்,
கால்டர் பள்ளத்தாக்கின் நசநசத்த மழையில்,
ஐம்பத்தேழு வயதில்,
பன்னிரண்டு படி ஏறுவதற்குள்
மூன்று தவணையாக.

கொடுத்த விலை:
கண்ணாடியில் யாரோ போல் உப்பிய முகம்,
கதவு உரசினாலே கன்றிப்போகும் தோல்,
உறக்கத்தை எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டு தந்த
பின்னிரவு மூன்று மணிச் சுறுசுறுப்பு
(அடுப்பு மட்டும் பளபளத்தது),
அப்புறம், ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில்
இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாம் நாற்காலி.

ஒருநாள் இருமலில் வந்தது
பழுப்பாய், ரப்பர்போல்,
கிளை பிரிந்த ஒரு சின்ன வேர்.
டிஷ்யூவில் ஏந்தி ஜன்னலருகே பார்த்தாள்.
அருவருப்பு வரவில்லை.
உள்ளே இப்படித்தான் இருக்கிறேனா என்றிருந்தது.

பூசணம். நம் மொழியில் அதுவும் பூக்கத்தான் பூக்கும்,
ரொட்டியில், குளியலறைச் சுவரில், ஊறிய வைக்கோலில்.
அதன் தூளை எல்லோரும்தான் இழுக்கிறோம்.
இவள் உடம்பு மட்டும்
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்தியது,
இருபது வருடமாக, அறை அறையாக.

இப்போது இரண்டு வாரத்துக்கொரு வியாழன்.
வெண்ணெய்க்கும் அரை எலுமிச்சைக்கும் பின்னாலிருந்து
பேனா போன்ற ஒன்றை எடுத்து
அரைமணி நேரம் மேஜையில் குளிர் விட வைக்கிறாள்.
தொடை. ஒரு கிளிக். எண்ண வேண்டும். இன்னொரு கிளிக்.
எண்ணுவது அவளுக்குப் புதிதல்ல:
மற்றவர்கள் ஊத, தன் முறை வரும்வரை
மௌனத்தை எண்ணியே வளர்ந்தவள்.

எப்போதோ செத்த ஒரு ஹாம்ஸ்டரின் செல்கள்
எஃகுத் தொட்டிகளில் இன்னும் பெருகி
இதைச் சுரக்கின்றன என்றாள் நர்ஸ் ரோவெனா.
அதற்குப் பேர் வைத்திருந்தார்களா?
ரோவெனாவுக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாவதும்.
நான்காம் மாதம், உருளைக்கிழங்குப் பையோடு
மேல்படியில் நின்றபோதுதான் உறைத்தது
நடுவில் நிற்கவேயில்லை என்று.
பையை வைத்துவிட்டு இறங்கி
மறுபடி ஏறிப் பார்த்தாள்,
மிச்சக் காசை எண்ணிப் பார்ப்பவள் மாதிரி.

வீட்டில் ஈரச் சுவர் உண்டா, உரக்குழி உண்டா
என்று கேட்டுக்கொண்டே வந்த ரோவெனா
ஊதுகிற வாத்தியம் ஏதும்? என்றாள்.
எப்போது கழுவியது?

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

பெட்டியைத் திறக்க அவளை விடவில்லை கிளைவ்.
முகமூடி கட்டி, தோட்டத்துக் குழாயடியில்
ஹார்னின் வளைவுகளை ஒவ்வொன்றாய் உருவினான்.
உள்ளே கரும்பச்சையாய், வெல்வெட்டாய்.
ஜன்னலுக்கு இந்தப்பக்கம் நின்று
கண்ணாடியில் விரலால் ஒன்றும் எழுதாமல்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
இதுதானா காரணம், இதுவுமா, இதுவே இல்லையா,
எந்த டாக்டரும் சத்தியம் செய்யமாட்டார்.
எத்தனை வருடம் அதற்கு
முத்தம் கொடுத்திருப்பாள்.

ஸ்டீராய்டு இருபதிலிருந்து நான்குக்கு வந்திருக்கிறது.
தொய்ந்த குழாய்கள் தொய்ந்தவைதான்.
அவற்றைத் தைக்க ஊசி இல்லை.
ஆண்டு முடிவில் எண்களைப் பார்த்துவிட்டு
தொடரலாமா என்று சொல்வார்களாம்.

கழுவிக் காய்ந்த ஹார்னில்
தாழ்ந்த ஒரு சுரம் பிடித்தாள்.
ஏழு எண்ணும்வரை நின்றது.
முன்பு இருபத்திரண்டு.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை.
வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.
மூன்றாம் நாற்காலியில் இப்போது யார்
என்று மட்டும்
போன் போட்டுக் கேட்டாள்.