நிறம் என்ற கட்டம்

கார்டிஃபில், மூன்றாம் மாடியில்,
நீர் ஆணையத்தின் பழைய பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
பதினோரு பெட்டிகள். எலிமூத்திர வாடை.
டாஃப் நதி, பொன்டிப்ரித் கலிங்கு.
காவலர்: எம்லின் ப்ராஸர்.

தேதி, வெப்பம், உயிர்வளி, நிறம், மீன்.
எழுபத்து நான்கு, ஜூன் மூன்று.
நிறம்: கறுப்பு. மீன்: இல்லை.
ஜூன் பத்து. நிறம்: கறுப்பு. மீன்: இல்லை.
ஜூன் பதினேழு. மேற்படி. மேற்படி.
மேற்படி என்று எழுதுவதற்கும்
திங்கள்தோறும் ஒரு மனிதன்
ஆற்றங்கரைக்கு இறங்கிப் போகவேண்டியிருக்கிறது.

நம் புலவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.
குளத்து வாளையைக் கிளப்பிக்
கமுகம் பாளையில் மோதவிட்டு
அது நீரில் திரும்பி விழுமுன்
அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவார்கள்.
எத்தனை அடி எழும்பியது, சாட்சி யார்
என்று ஒருவரும் கேட்டதில்லை.

ப்ராஸரைக் கேட்டார்கள்.

ஆற்றின் மேற்கே, வடக்கே, எங்கும்
நிலக்கரி கழுவும் ஆலைகள்.
கழுவக் கழுவக் கரி வெளுக்கவில்லை,
ஆறு கறுத்தது.
ஆணையம் ஆலைக்கு நோட்டீஸ் அனுப்பியது.
ஆலை, பரிசீலிப்பதாகப் பதில் போட்டது.
இரண்டும் அரசாங்கம்.
இடது கை வலது கைக்கு விதித்த அபராதம்
எந்தப் பைக்குள் போயிருக்கும்?

ஆனாலும் சும்மா இருக்கவில்லை.
சாக்கடை நீர் தங்கித் தெளியத் தொட்டி கட்டினார்கள்.
பால் கேன்களில் விரல்நீளக் குஞ்சுகளை
லாரியில் ஏற்றி வந்தார்கள்.
“ஆயிரத்து இருநூறு விட்டோம்.
கீழ்ப்பாலத்தில் நாரைகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.”
கலிங்கின் ஓரம் மீனுக்குப் படிக்கட்டு.
ஒரு படிக்கு என்ன செலவு என்று
நகரமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்.
பதில் நான்கு பக்கம்.
படி ஏற மீன்தான் இல்லை.

எண்பத்து நான்கு, மார்ச்.
சுரங்கங்களில் வேலைநிறுத்தம்.
நிறம்: பழுப்பு.
மே பதினான்கு. அதுவரை ஆங்கிலத்தில் எழுதிய கை
வெல்ஷில் ஒரே ஒரு சொல் எழுதுகிறது: க்ளோயு.
அகராதியில் பார்த்தேன்.
தெளிவு, ஒளிர்வு, இரண்டுமாம்.
கீழே, கட்டத்துக்கு வெளியே, பென்சிலில்:
கெரைன்ட் வீட்டில் இருக்கிறான்.

அடுத்த வசந்தத்தில் நிறம்: கறுப்பு.
வெறும் கறுப்புதான். ஆனால்
அந்த வாரக் கையெழுத்து
துள்ளிச் சாய்ந்திருப்பதுபோல் எனக்குப் பட்டது.
நானாக நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்பதாம் பெட்டியில் ஒரு விடுப்பு மனு.
“ஆலையை மூடிவிட்டார்கள்.
தம்பி கெரைன்ட் குடும்பத்தோடு
எங்கள் வீட்டுக்கு வருகிறான்.
சாமான் ஏற்ற இரண்டு நாள் வேண்டும்.”
ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப்பின் கறுப்பு இல்லை.

எண்பத்து ஆறு, அக்டோபர் பதின்மூன்று.
சால்மன், ஒன்று. பெண்.
எழுபத்தொரு சென்டிமீட்டர்.
இடப்பக்கம் வலைத்தழும்பு.
ஏழாம் படியில் நெடுநேரம் நின்றது.
நானும் நின்றேன்.

ஆணையத்தின் துண்டுப் பிரசுரமும் இருக்கிறது.
வழவழ தாள், தலைவரின் புன்னகை,
“எங்கள் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு.”
பொய் என்று சொல்ல மாட்டேன்.
தொட்டி நிஜம், படி நிஜம்,
பால் கேன் நிஜம்.

என் திரையில் ஒரு கட்டம்:
மீட்சிக்குக் காரணம்.
நிரப்பாமல் சேமிக்க விடாது.
குஞ்சு விடல், படிக்கட்டு, கழிவுத் தடுப்பு, மற்றவை.
மற்றவையைத் தேர்ந்தால்
நாற்பது எழுத்துக்குள் விளக்கம் கேட்கிறது.

தேநீர் ஆறிவிட்டது.
கெரைன்ட் வீட்டில் இருக்கிறான்
என்று அடித்தேன்.
இடம் மிச்சமிருந்தது.

அடுத்த தாள். அக்டோபர் இருபது.
வெப்பம் ஒன்பது. க்ளோயு.
மீன்: இரண்டு.