ஈரத்துக்கு எவ்வளவு

அட்டனில் இரண்டு நாள் பயிற்சி.
ஐந்து 'ஈ' முறை என்றார் வளவாளர்;
ஒவ்வொரு ஈயையும் திரையில் பறக்கவிட்டுக் காட்டினார்.
பகல் சாப்பாடு, சான்றிதழ், குழுப்படம்.
திங்கட்கிழமை
எட்டாம் தரத்தில் ஒரு முகத்திலும்
ஈயாடவில்லை.

மேசைகளை வட்டமாக இழுத்துப் போட்டேன்.
அந்தச் சத்தத்துக்குப் பலகைத் தடுப்பின் மறுபக்கம்
சிங்களப் பாடம் ஒரு நிமிடம் நின்று
மறுபடி தொடங்கியது.
அதுவரை என் முதுகைப் பார்த்துப் பேசாதிருந்த
முப்பத்தொரு பேர்
இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப்
பேசாதிருந்தார்கள்.

குழுக்களுக்குப் பூப் பெயர் வைத்தேன்.
காகிதத்தில் தாயக்கட்டை செய்தேன்.
சுவரில் ஒட்டிய வர்ணத் தாள்
மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்த மூடுபனியை உறிஞ்சி
மூன்றாம் பாடவேளைக்குள் தொங்கிப்போனது.
சதவீதம்.
புத்தகத்தில் ஒரு வியாபாரி
நாற்பது மாம்பழத்தில் ஆறு அழுகிப்போனதற்காக
வருடக்கணக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.
இங்கே யாருக்கும் அவர் மேல் இரக்கம் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்.
பொகவந்தலாவையில் மீன்காரரிடம் கெஞ்சி வாங்கிய
கொக்கித் தராசு.
கழுவியும் நெத்தலி மணந்தது.
உத்திரத்தில் கட்டினேன்.
முதலில் புத்தகப்பை. பிறகு சப்பாத்து.
பிறகு அட்டை ஏறிய காலுறை, அட்டையோடு.
பிறகு, "டீச்சர், ஒங்க பேக்!"
(சோற்றுப்பெட்டி, குடை, வங்கிக் கடிதம் உட்பட
ஒரு கிலோ நானூறு.)

அப்போதுதான் லோகிதன் எழுந்தான்.
கடைசி வாங்கு. இரண்டு தவணையாக
வரவுக்குத் தவிர வாய் திறக்காதவன்.
தலைக்குப் போட்டு வந்த உரப்பையோடு
மழைக்குள் இறங்கினான்; பின்னாலேயே நாலைந்து பேர்.
வேலியோரத்து மானாப்புல்லைத் திணித்துச்
சொட்டச் சொட்டக் கொண்டுவந்து மாட்டினான்.
ஐந்து கிலோ.
"ஈரத்துக்கு எவ்வளவு டீச்சர் வெட்டணும்?"

எனக்குத் தெரியவில்லை.
அட்டனில் அதைச் சொல்லவில்லை.

உதறினார்கள். மேசையில் பரப்பிப்
பழைய கொப்பித் தாளால் ஒற்றினார்கள்.
ஒருத்தி தன் கம்பளிச் சட்டையையே கழற்றிக் கொடுத்தாள்.
திரும்ப மாட்டியபோது நாலு கிலோ எழுநூறு.
நூற்றுக்கு ஆறு என்று ஏழெட்டுக் குரல்,
நான் கேட்காமலே.

"எங்கம்மாவுக்கு இருவதுல மூணு வெட்டுவாங்க."
லோகிதன் கோபமாகச் சொல்லவில்லை,
பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னான்.
நூற்றுக்குப் பதினைந்து.
இந்த முறை ஒரே ஒரு குரல்:
ஹம்சப்பிரியா, முதல் வரிசை.
அவளுடைய அப்பாதான்
மேற்பிரிவு மடுவத்தில் துண்டு எழுதுகிறவர்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போலிருந்தது.
பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.
கூர் வந்த பிறகும் சீவினாள்.
மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை
என்று எழுத ஆசைதான். கேட்டது.
யாரும் எழவில்லை, அவ்வளவுதான்.

அதிபர் அழைத்து விசாரித்தார், அன்பாகவே:
"மாம்பழம் போதாதா மிஸ்?"
பாடப்பதிவேட்டில் 'மாணவர் ஈடுபாடு' என்ற கட்டத்தில்
'மிக நன்று' என்று எழுதினேன்.
வெட்டினேன்.
வேறு சொல் வரவில்லை.
இரவு முழுக்கக் காதில் அந்தப் பென்சில் சீவல்.

வியாழன் காலை
தராசை அவிழ்க்கத்தான் நாற்காலியில் ஏறினேன்.
நனைந்த பின்னலோடு வாசலில் ஹம்சப்பிரியா.
கக்கத்தில் நாலாக மடித்த கொழுந்துச் சாக்கு,
தோட்டத்து முத்திரையோடு;
அது மட்டும் நனையவில்லை.
"இதுக்கு ஒரு கிலோ வெட்டுறாங்க டீச்சர்."
அப்பா என்று சொல்லவில்லை.

லோகிதன் வந்து கொக்கியைப் பிடித்துக் கொடுத்தான்.
நான் நாற்காலியிலேயே நின்றேன்.
முள் ஆடி நிற்கட்டும் என்று
எல்லோரும் கையை எடுத்தோம்.