பென்னிப் பாட்டுக்கு மறுப்பு

பிரிஸ்டல் பாலத்து முனையில் பாட்டுத்தாள் விற்கும் டிகோரி
இன்றைக்குத் தொண்டை கிழியக் கூவுவது என்னைப் பற்றி.
தாள் ஒன்று ஒரு பென்னி.
எனக்கு எழுத்துத் தெரியாது;
தோல் கிடங்குப் பையன் வாசித்துக் காட்டினான்,
சிரித்துச் சிரித்து, பாதி வரியை விழுங்கி.

படத்தில் எனக்குக் கிரீடம் இருக்கிறது.
பக்கத்தில் ஒரு திமிங்கிலம்.
எந்த நாட்டு ராணியோ கடலில் மூழ்கிய பாட்டுக்குச்
செதுக்கிய பலகையாம்.
வீணாக்குவானேன் என்று மறுபடி மை தடவிவிட்டார்கள்.

பாட்டில் எனக்கு அறுபது வயது, பல் கிடையாது.
எனக்கு இருபத்திரண்டு.
கடைவாயில் ஒன்று போனது நிஜம், மற்றதெல்லாம் கெட்டி.
கேட்டால் டிகோரி சொல்கிறான்:
"பல் வைத்தால் சந்தம் இடிக்கிறது, பெர்னல்."

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டினேனாம்.
இதோ என் முழங்கை.
இந்த நீலம் யார் கிள்ளியது?
சவுக்காரம் காய்ச்சும் கிரிம்ஸ்டன் வீட்டு வாரிசு,
பத்து மாத ஆம்புரோஸ்.

நடந்தது இதுதான்.
எசமானர் விருந்துக்குப் போன ராத்திரி
பிள்ளை வீறிட்டான்.
கிலுகிலுப்பை ஆட்டினேன், கணப்பில் எறிந்தான்.
தேன் தடவினேன், என் மேலேயே துப்பினான்.
பூனையைக் காட்டினேன்;
பூனை அவனை ஒரு பார்வை பார்த்து
ஜன்னல் வழியே போனது, இன்னும் வரவில்லை.
பூச்சாண்டி வருவான் என்றேன்,
வரச்சொல் என்பதுபோல் ஒரு கட்டை ஏற்றினான்.
கோயில் மணி இரண்டு அடித்ததாம்,
காவல்காரன் கதவைத் தட்டிச் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன்.
பாசாங்கு இல்லை.
மூக்கு ஒழுக, தொப்பி நழுவ,
மூன்று மாதச் சம்பள பாக்கியை
ஷில்லிங் ஷில்லிங்காக நினைத்து அழுதேன்.

பிள்ளை நிறுத்தினான்.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவன்போல் பார்த்தான்.
நான் நிறுத்தினால் அவன் உதடு பிதுங்கும்.
ஆகையால் விடியும்வரை அழுதேன்.
வேலை என்றால் வேலைதானே.

மெழுகுவர்த்தியோடு எசமானி வந்து நின்றாள்:
"வெட்கமாயில்லை உனக்கு?
பிள்ளை எத்தனை சமத்தாக இருக்கிறது!
நீ கத்தி ஊரை எழுப்புகிறாயே."

இது பாட்டில் இல்லை.

சண்டைக்குப் போன நான்
ஒரு பென்னி தண்டம் அழுது
தாளோடு திரும்பியதுதான் மிச்சம்.
சுக்குச் சுக்காகக் கிழிக்கத்தான் வாங்கினேன்,
ஆம்புரோஸ் முந்திக்கொண்டான்.
முதலில் திமிங்கிலம், அடுத்தது கிரீடம்,
பிறகு பல்லில்லாத நான்.
இருக்கிற இரண்டு பல்லால் மென்று மென்று
மோவாய் முழுக்க மை.
ஒரு மணி நேரம் மூச்சுச் சத்தம் இல்லை.

நாளைக்கு இன்னும் இரண்டு தாள் வாங்க வேண்டும்.